ராணிப்பேட்டை இல்லாத பட்டியல்: முதல் புல் ரிக்வெஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகவரி கேட்கும் ஒரு இணையப் படிவத்தில் மாவட்டப் பட்டியலைத் திறக்கிறீர்கள். வேலூர் இருக்கிறது, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இல்லை. வேலூர் மாவட்டம் 2019-லேயே மூன்றாகப் பிரிந்துவிட்டது. அந்தப் படிவத்தின் பேக்எண்ட் (சர்வரில் பின்னால் ஓடும் பகுதி) ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடியது என்றால் நீங்களே திருத்தி அனுப்பலாம். திருத்தியதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு அனுப்புவதுதான் புல் ரிக்வெஸ்ட். காட்பாடியில் என்னிடம் வந்து பழகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் வேலையாக இந்த மாதிரியானதைத்தான் சொல்வேன். நம் ஊர்க்காரர் கண்ணில்தான் இந்தப் பிழை படும். திட்டம் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பிலும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸிலும் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ரெப்போ (திட்டத்தின் கோடு முழுவதும் உள்ள தொகுப்பு) கணினிக்கு வந்ததுமே கோடில் கை வைத்துவிடுகிறார்கள். வேண்டாம். எதையும் மாற்றாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், கோடு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களையும் ஓட்டுங்கள். இரண்டு டெஸ்ட் முதலிலிருந்தே தோற்கிறது என்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் உங்கள் மாற்றத்தால்தான் தோற்றது என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

போஸ்ட்கிரெஸ் நிறுவச் சோம்பல்பட்டு எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ஓட்டுவது அடுத்த தவறு. 'திருப்பத்தூர்' என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடில் புள்ளியும் இகர, உகரக் குறிகளும் தனித்தனிக் குறியீடு என்பதால் அது 13. பெயருக்குப் பத்து இடம்தான் ஒதுக்கியிருந்தால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்தும். எஸ்க்யூலைட் அந்த நீள வரம்பைக் கண்டுகொள்ளாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் ஓடியது சர்வரில் விழும்.

எனக்கு அதிகக் கவலை தருவது மைக்ரேஷன்தான், அதாவது டேட்டாபேஸில் செய்ய வேண்டிய மாற்றத்தை எழுதிவைக்கும் கோப்பு. மாவட்டப் பட்டியலை ஏற்றிய பழைய மைக்ரேஷன் கோப்பைத் திறந்து, அதிலேயே இரண்டு பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். டேட்டாபேஸைப் புதிதாக உருவாக்கிய உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் எந்தெந்த மைக்ரேஷன் ஓடி முடிந்தது என்று ஜாங்கோ ஒரு டேபிளில் குறித்து வைத்திருக்கிறது. ஏற்கெனவே ஓடியதை மறுபடி ஓட்டாது. அதனால் பல வருடமாக ஓடும் சர்வரில் ராணிப்பேட்டை வரவே வராது, பிழைச் செய்தியும் வராது. புது மைக்ரேஷன் எழுதுங்கள்.

அதிலும் ஒரு நிதானம் வேண்டும். பழைய பதிவுகளில் வேலூர் என்று இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. ஊர்ப் பெயர் இருந்தால் அரக்கோணம், ஆற்காடு ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போகும். குடியாத்தம் வேலூரிலேயே இருக்கும். ஊர் தெரியாத பதிவை அப்படியே விட்டுவிடுங்கள். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்த பிறகும் வட ஆற்காடு என்றே எழுதிவந்த பெரியவர்களை எனக்குத் தெரியும். முகவரியில் மக்கள் எழுதியதைத் தெரியாமல் அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பாஸ்வேர்டும் ரகசியச் சாவியும் உள்ள என்வி (.env) கோப்பைக் கமிட்டில், அதாவது மாற்றங்களைச் சேமிக்கும் பதிவில், சேர்க்காதீர்கள். கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் அதை ஒதுக்குகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். தவறிப்போய் ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் கோப்பை அழிப்பது போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். உடனே சாவியை மாற்றுங்கள்.

அப்புறம், எடிட்டர் தானாகச் செய்யும் ஒழுங்குபடுத்தலை நிறுத்தி வையுங்கள். விண்டோஸில் வரி முடிவுக் குறி மாறினால் கோப்பு முழுவதுமே மாறியதாகக் காட்டும். நீங்கள் எழுதிய ஆறு வரியை நானூறு வரிக்குள் தேட யாருக்கும் நேரம் இருக்காது. கோடின் முதன்மைக் கிளையான மெயின் பிராஞ்சில் வேலை செய்யாமல் தனி பிராஞ்ச் போடுங்கள்.

'மாவட்டம் சேர்த்தேன்' என்று ஒரே வரி எழுதி புல் ரிக்வெஸ்ட் அனுப்பாதீர்கள். பார்க்கப்போகிறவர் எந்த நாட்டிலோ இருப்பார், வேலூரைக் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார். ஒரு மாவட்டம் எப்போது மூன்றானது, அரசு ஆணை எங்கே இருக்கிறது, பழைய பதிவுகளை என்ன செய்தீர்கள், எவற்றைத் தொடவில்லை என்று நாலு வரியில் சொல்லுங்கள். தினமும் நினைவூட்டாமல் ஒரு வாரம் பொறுங்கள். பெரும்பாலும் அவர்கள் தங்கள் வேலை முடிந்த இரவில்தான் இதைத் திறப்பார்கள்.