கிராஃபிக்ஸ் கார்டு: பழசையும் புதுசையும் ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் முடிந்து ஆடி பிறந்ததும் கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். எடிட்டிங் கம்ப்யூட்டரைக் கழற்றுவதும் கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற யோசிப்பதும் அப்போதுதான். பழைய கார்டின் விவரத்தையும் புதியதின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, எந்த வரியில் எந்த எண் பெரிது என்று பார்ப்பார்கள். ஒரே தலைமுறைக் கார்டுகள் என்றால் இந்த வழி ஓரளவு சரி. தலைமுறை மாறிவிட்டால் இதை நம்பிப் பணம் போடக்கூடாது.

முதலில் கோர் எண்ணிக்கை. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 2010-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 580-இல் 512 கூடா கோர், அதாவது கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள். 2012-இல் வந்த ஜிடிஎக்ஸ் 680-இல் 1536. மூன்று மடங்கு! வேகம் மூன்று மடங்கு ஆனதா என்றால், கிட்டக்கூட வரவில்லை. 580-இன் கோர்கள் சிப்பின் மற்ற பகுதிகளைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடின. 680-இல் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, கோரைக் கூட்டிக்கொண்டார்கள். பிறகு ஆர்டிஎக்ஸ் 2060-இலிருந்து 3060 வந்தபோதும் இதே கதை. 1920 என்று இருந்தது 3584 ஆனது. 2060-இல் தசமக் கணக்குக்கு ஒரு பகுதி, முழு எண் கணக்குக்குத் தனிப் பகுதி என்று இருந்தது. எண்ணும்போது முதல் பகுதியை மட்டும் எண்ணினார்கள். 3060-இல் அந்த இரண்டாவது பகுதியும் தசமக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டதால் அதையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். கேமில் கிடைத்த முன்னேற்றம் அந்த எண் காட்டிய அளவுக்கு இல்லை. அடுத்து வந்த 4060-இல் கோர் 3072-தான், 3060-ஐவிடக் குறைவு. ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 4060-தான் வேகம். அதன் பூஸ்ட் கிளாக், அதாவது வேலை செய்யும்போது கோர்கள் எட்டும் வேகம், சுமார் 2460 மெகாஹெர்ட்ஸ், 3060-க்கு 1777-தான்.

டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு) என்ற எண்ணும் இந்தக் கோரையும் கிளாக்கையும் பெருக்கி வருவதுதான். ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580-க்கு சுமார் 6.2, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060-க்கு 4.4 என்று போட்டிருக்கும். கேமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஓடின. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு தலைமுறை என்றால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.

அடுத்தது, "மெமரி எத்தனை ஜிபி?" ஃபிளெக்ஸ் கடைகளில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஜிடி 730 கார்டு 4 ஜிபி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதே 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபிதான். வாங்குபவர் 4 ஜிபியைத் தூக்கிக்கொண்டு போவார். அந்த 730-இல் சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே பெரும்பாலும் 64 பிட் அகலப் பாதைதான், மெமரியும் மெதுவான டிடிஆர்3 வகை. விநாடிக்கு 14.4 ஜிபி தரவுதான் நகரும். 750 டிஐ-இல் 86.4. ஆறு மடங்கு.

பாதையின் அகலத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. வாய்க்கால் அகலமாக இருந்து தண்ணீர் மெதுவாக வந்தால் கடைமடைக்கு எவ்வளவு போகும்? அகலத்தையும் ஓட்டத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆர்எக்ஸ் 580-க்கு 256 பிட், ஒவ்வொரு பிட்டிலும் விநாடிக்கு 8 கிகாபிட். பெருக்கி எட்டால் வகுத்தால் (எட்டு பிட் ஒரு பைட்) விநாடிக்கு 256 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 128 பிட்தான், ஓட்டம் 17. ஆகவே 272 ஜிபி. போதாததற்கு 4060-இன் சிப்புக்குள்ளேயே 24 எம்பி கேஷ் என்ற குட்டி வேக மெமரி இருக்கிறது. 3060-இல் அது 3 எம்பி. அடிக்கடி கேட்கும் தரவு பக்கத்திலேயே கிடைப்பதால் மெமரிப் பாதையின் மேல் சுமை குறைகிறது.

இதற்காக ஜிபி முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மெமரி நிரம்பி வழிந்தால் எப்பேர்ப்பட்ட கார்டும் திணறும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெரிய காட்சி போடும்போதும், சொந்தக் கம்ப்யூட்டரில் ஏஐ படம் உருவாக்கும்போதும், 12 ஜிபி உள்ள பழைய 3060 தாக்குப்பிடிக்கும் இடத்தில் 8 ஜிபி 4060 நின்றுவிடலாம்.

பெயர் ஒன்று, கார்டு வேறு என்பது செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கான தலைவலி. ஜிடி 1030 இரண்டு வகை: ஜிடிடிஆர்5 மெமரியுள்ளது விநாடிக்கு 48 ஜிபி நகர்த்தும், டிடிஆர்4 மெமரியுள்ளது சுமார் 17. ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வகையில் மெமரி மட்டுமா குறைவு, கோரும் 1280-லிருந்து 1152 ஆகக் குறைவு. ஆர்எக்ஸ் 580 என்று வருவதில் 2304 கோருக்குப் பதில் 2048 கோர் மட்டுமே உள்ளவையும் உண்டு. அது உள்ளபடி பழைய 570-தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் தஞ்சாவூரில் வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். கோர், மெமரி வகை, பிட் அகலம் மூன்றும் ஒரே திரையில் தெரிந்துவிடும். ஓட்ட விடமாட்டேன் என்றால் அந்தக் கார்டு வேண்டாம்.

பழைய மதர்போர்டில் புதுக் கார்டு போடுபவர்கள் லேன் கணக்கையும், அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகும் தடங்கள் எத்தனை என்பதையும், பார்க்க வேண்டும். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு நான்கே லேன். பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 இணைப்புள்ள போர்டில் போட்டால் அந்தத் தடங்களின் வேகம் பாதியாகி, 4 ஜிபி மெமரி நிரம்பும் கேம்களில் நன்றாகவே அடி வாங்கும்.

கல்யாண வீடியோக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சோனி ஏ7 ஐவி மாதிரிக் கேமராக்களில் ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 4:2:2 (நிற விவரம் அதிகமுள்ள வகை), 10 பிட்டில் எடுத்துவிட்டு, "புதுக் கார்டு போட்டும் டைம்லைன் இழுக்குது" என்பார்கள். அந்த 4:2:2 ஃபைலை நேரடியாகப் பிரிக்கும் (டிகோட் செய்யும்) வசதி என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. 3090 போட்டாலும் அந்த வேலை பிராசஸர் தலையில்தான் விழும். ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களின் உள்ளமைந்த கிராஃபிக்ஸிலேயே அது இருக்கிறது. பின்னால் எஃப் எழுத்துள்ள பிராசஸர் வாங்கியவர்களுக்கு அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கோரும் ஜிபியும் இருக்கும் அட்டவணையில் இந்த விஷயம் கண்ணில் படாது. வீடியோ டிகோட் பட்டியலைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஜிடிஎக்ஸ் 1080 டிஐ மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் அது 250 வாட். 12 வோல்ட்டில் கார்டுக்கு மட்டும் 21 ஆம்பியர் வேண்டும். கேபினட்டோடு வந்த லோக்கல் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கும். புது எஸ்எம்பிஎஸ் விலையையும் சேர்த்தால், 115 வாட்டில் ஓடும் 4060-க்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசம் சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத எடிட்டிங் அறையில் அந்த 135 வாட் வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

அப்புறம் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். 1080 டிஐ உள்ளிட்ட ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஃபிளெக்ஸ் டிசைன் மட்டும் செய்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. வீட்டுப் பிள்ளை புதுக் கேம் கேட்டால், அந்த மாடலை விட்டுவிட்டு ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோ அதற்கு மேலோ பாருங்கள்.