கிரான்டேப் திறக்கவில்லையா, சேமிக்கவில்லையா?

லினக்ஸில் குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்தான் கிரான்டேப்; அதைத் திருத்தும் கட்டளைக்கும் அதே பெயர். அது அடம்பிடித்தால் பலரும் உடனே முன்னால் சுடோ (ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓட்டும் கட்டளை) போட்டுவிடுகிறார்கள். திறக்கத்தான் செய்யும், ஆனால் திறப்பது ரூட்டின் கிரான்டேப். வேலை ரூட் அதிகாரத்தில் ஓடி, உங்களால் திருத்த முடியாத கோப்புகளை உங்கள் ஹோம் அடைவிலேயே போட்டு வைக்கும். சுடோவைத் தள்ளி வைத்துவிட்டு, வந்த பிழைச்செய்தியை முழுதாகப் படியுங்கள்.

'நாட் அலவ்டு டு யூஸ் திஸ் புரோகிராம்' என்று வந்தால் பார்க்க வேண்டியது /ஈடிசி/கிரான்.அலவ், /ஈடிசி/கிரான்.டினை என்ற இரண்டு கோப்புகளை. அலவ் கோப்பு இருந்தால் அதில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி; டினை கணக்கிலேயே வராது. அது இல்லாமல் டினை மட்டும் இருந்தால், அதில் உள்ளவர்களுக்கு மட்டும் தடை. இரண்டுமே இல்லையென்றால் டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் எல்லோருக்கும் திறந்திருக்கும். ரெட்ஹேட் வகையில் ரூட்டுக்கு மட்டும். செய்தியில் 'பாம்' (பயனரைச் சரிபார்க்கும் அமைப்பு) என்ற சொல் இருந்தால் பயனரின் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

'எம்கேஎஸ்டெம்ப்: பெர்மிஷன் டினைட்' என்பது வேறு கதை. எடிட்டர் ஒழுங்காகத் திறக்கும், சேமித்து வெளியேறும்போதுதான் இது வரும். டெபியன் வகையில் பட்டியல்கள் இருப்பது /வார்/ஸ்பூல்/கிரான்/கிரான்டேப்ஸ் அடைவில். அதன் உரிமையாளர் ரூட், குழு கிரான்டேப், அனுமதி 1730. சாதாரணப் பயனர் அதற்குள் எழுத முடிவது, /யூஎஸ்ஆர்/பின்/கிரான்டேப் நிரலுக்கு செட்ஜிஐடி (யார் ஓட்டினாலும் நிரலின் குழு அதிகாரத்தில் ஓடச் செய்யும் அனுமதி பிட்) இருப்பதால்தான். யாராவது /யூஎஸ்ஆர் முழுக்க, அனுமதிகளை மாற்றும் சிஎச்மோட் -ஆர் 755 ஓட்டியிருந்தால் அந்த பிட் போய்விடும். அந்த நிரலுக்கு எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள்: குழுவுக்கான மூன்று எழுத்தில் கடைசியாக 'எக்ஸ்' அல்ல, 'எஸ்' இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே நிரலுக்கு முதலில், உரிமையாளரையும் குழுவையும் மாற்றும் சிஎச்ஓன் ரூட்:கிரான்டேப், அதன் பிறகு சிஎச்மோட் 2755. வரிசை மாறக்கூடாது, சிஎச்ஓன் அந்த பிட்டை மறுபடி அழித்துவிடும். நீங்கள் தட்டியது வீணாகவில்லை, 'எடிட்ஸ் லெஃப்ட் இன்' என்று காட்டும் இடத்தில் கிடக்கும்.

அடுத்தது எடிட்டர். எந்த எடிட்டரைத் திறப்பது என்று அறிய கிரான்டேப் முதலில் விஷுவல் என்ற சூழல் மாறியை (நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்பு) பார்க்கும், அது இல்லையென்றால் எடிட்டர் மாறியை. உபுண்டுவில் செலக்ட்-எடிட்டர் ஓட்டி நானோவைத் தேர்ந்தும் விஐ-யே வருகிறதென்றால், .பேஷ்ஆர்சி என்ற ஷெல் அமைப்புக் கோப்பில் இந்த இரண்டு மாறிகளில் ஒன்று உட்கார்ந்திருக்கும். விஐ-க்குள் சிக்கிக்கொண்டால் எஸ்கேப் தட்டி, :க்யூ! கொடுங்கள், சேமிக்காமல் வெளியேறும்.

எடிட்டராக விஎஸ் கோடு வைத்திருப்பவர்களுக்கு 'நோ சேஞ்சஸ் மேட்' என்று வருவது சகஜம். ஜன்னலைத் திறந்த கையோடு அந்தக் கட்டளை முடிந்துவிடுகிறது. கிரான்டேப்போ திருத்தம் முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறது. மாறியில் 'கோடு --வெயிட்' என்று கொடுத்தால் போதும். 'மிஸ்ஸிங் நியூலைன்' என்றால் கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர்.

இன்னொன்று: கிரான்டேப் கட்டளையில் திருத்த -ஈ, அழிக்க -ஆர். விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்! -ஆர் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டியலையே துடைத்துவிடும். திருத்துமுன் கிரான்டேப் -எல் வெளியீட்டை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.