விளையாட்டை மாற்றியவர் யார்? பேச்சுப் போட்டிக்குப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துப் பள்ளிகளில் விளையாட்டு விழா வந்தால் பேச்சுப் போட்டியும் கூடவே வரும். ‘விளையாட்டை மாற்றிய வீரர்’ என்று தலைப்பு கொடுத்தால், பிள்ளைகள் மாரியப்பனில் தொடங்கி நடராஜன், சச்சின், போல்ட் என்று பதக்கங்களை ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அவரால் எது மாறியது, அது இன்னும் நிற்கிறதா என்பதற்குப் பதில் இருக்காது.

பெரிய தவறு, சாதனையையும் மாற்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். அதுவரை இருந்த உலக சாதனையைவிட 55 செ.மீ. அதிகம். 1991இல் மைக் பவல் 8.95 தாண்டும்வரை அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. ஆனாலும் பீமனைப் பார்த்து யாரும் தாண்டும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. அதே மெக்சிகோவில் டிக் ஃபாஸ்பரி உயரம் தாண்டுதலில் 2.24 மீட்டருக்குத் தங்கம் வாங்கினார். அது உலக சாதனைகூட இல்லை. வலேரி புருமெல் 1963லேயே 2.28 தாண்டிவிட்டார். ஆனால் வளைந்து ஓடிவந்து, கம்பிக்கு முதுகைக் காட்டி, தலையை முதலில் கடத்தும் ஃபாஸ்பரியின் முறைதான் இன்றும் உலகப் போட்டிகளில் நடக்கிறது. உடல் வில்லாக வளைவதால் அதன் எடை மையம் கம்பிக்குக் கீழே இருக்கும்போதே ஆள் மேலே கடந்துவிடலாம். 1993இல் ஹாவியர் சோட்டோமேயர் தாண்டிய 2.45 இன்றும் உலக சாதனை. அதுவும் இதே முறையில்தான்.

அடுத்து, “ஒரே நாளில் உலகம் மாறியது” என்ற வசனம். தயவுசெய்து வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் ஆண்கள் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற யூரி தர்மாக், வயிறு கம்பியைப் பார்க்கும் பழைய ஸ்ட்ராடில் முறைக்காரர். 1978இல்கூட விளாதிமிர் யாஷ்சென்கோ அதே முறையில் 2.34 தாண்டி உலக சாதனை படைத்தார்.

வீரரை மட்டும் பேசிவிட்டு அவர் விழுந்த இடத்தை மறப்பதும் தவறுதான். முதுகும் கழுத்தும் முதலில் தரையில் படும் முறை ஃபாஸ்பரியுடையது. மணல் குழியிலும் மரத்தூளிலும் விழுந்த காலத்தில் யார் துணிவார்கள்? தடிமனான ஃபோம் பெட் வந்ததால்தான் இது பரவியது. இன்றும் மணல் மட்டுமே உள்ள பள்ளியில் பி.இ.டி. சார், கால்களைக் கத்தரிக்கோல் போல ஒவ்வொன்றாகக் கடத்திக் காலில் இறங்கும் சிசர்ஸ் முறையைச் சொல்லிக்கொடுத்தால், அவரைப் பழைய ஆள் என்று சிரிக்காதீர்கள். அவர் செய்வதுதான் சரி. டிவியில் பார்த்ததை மணலில் முயன்று பார்க்கவும் வேண்டாம்.

அப்புறம், ஃபாஸ்பரி மட்டுமே கண்டுபிடித்தார் என்றும் அடித்துச் சொல்லாதீர்கள். கனடாவின் டெபி பிரில் அதே காலத்தில் தனியாக இதே போன்ற முறைக்கு வந்து சேர்ந்தார்.

இனி நம்ம ஊர். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். “பாரா உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் பதக்கம்” என்று சிலர் பேசிவிடுகிறார்கள். 2012 லண்டனிலேயே கர்நாடகத்தின் கிரிஷா வெள்ளி வாங்கியிருக்கிறார். அவருக்குப் பிறகு ஒவ்வொரு பாராலிம்பிக்ஸிலும் இந்த விளையாட்டில் நமக்குப் பதக்கம் வந்திருக்கிறது. மாரியப்பனை அந்த வரிசையில் வைத்துப் பேசினால் அவர் பெருமை கூடுமே தவிரக் குறையாது.

வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கர் பந்தை அவரே கண்டுபிடித்த மாதிரி ஒரு கூட்டம், இந்திய அணியில் இப்போது இல்லையே என்று ஒதுக்கும் இன்னொரு கூட்டம். ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். ஆனால் அவரால் மாறியதைத் தேட வேண்டிய இடம் அவருடைய சொந்த ஊரான சின்னப்பம்பட்டி. 2023இல் அங்கே அவர் அமைத்த ஒரு மைதானமே திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) அதே ஊர் பெரியசாமி சேப்பாக் அணிக்குப் பந்து வீசினார். மேடையில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள். நேரம் மூன்று நிமிடம்தான் என்றால் பீமனை வெட்டிவிடலாம்.