அழுகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்: குழந்தையின் பிணைப்பைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

என் தங்கைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பையன் ஊரில், பாலக்கோடு பக்கம், எங்கள் அம்மாவிடம் வளர்கிறான். அவனுக்கு அவர் ஆயா. சனிக்கிழமை சாயங்காலம் ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து வருவாள், ஞாயிறு இரவு திரும்பிவிடுவாள். அவனுக்கு 14 மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை வந்து கையை நீட்டினாள். அவன் ஒரு பார்வை பார்த்தான், முகத்தைத் திருப்பி ஆயா தோளில் ஒட்டிக்கொண்டான். “அக்கா, என்னை மறந்துட்டானா?” என்றாள். நான் உளவியல் படித்தவள். “இதுக்கு விலகும் வகைப் பிணைப்புன்னு பேரு” என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. நான் சொன்னது அவளைப் புண்படுத்தியதோடு, தவறாகவும் இருந்தது. இங்கே வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிற எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

குழந்தையின் பிணைப்பை பாதுகாப்பானது, விலகுவது, ஊசலாடுவது என்று மூன்று வகையாகச் சொல்வார்கள். முதலில் அந்த வகைகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பைப் பற்றிய கோட்பாட்டை உருவாக்கியவர் ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். அதை அளந்து பார்க்க வழி கண்டவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1954-55இல் உகாண்டாவில், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களை வீடு தேடிப் போய்க் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னொரு 26 குடும்பங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் என்று குழந்தையின் முதல் வருடம் முழுக்கப் போனார். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது வைத்ததுதான் ‘ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்’ என்ற சோதனை. பழகாத சூழல் என்று சொல்லலாம். பொம்மைகள் உள்ள ஓர் அறை. அம்மா, குழந்தை, அறிமுகமில்லாத ஒரு பெண். அம்மா இரண்டு முறை வெளியே போவார், இரண்டு முறை திரும்பி வருவார். இரண்டாவது முறை குழந்தை கொஞ்ச நேரம் தனியாகவே இருக்கும். மொத்தம் 8 கட்டங்கள், பெரும்பாலும் மூன்று மூன்று நிமிடம்தான். குழந்தை ரொம்பத் தவித்தால் உடனே நிறுத்திவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் எல்லோரும் செய்யும் தவறு, அம்மா போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்று பார்ப்பது. ‘அழுதால் பாசம், அழாவிட்டால் பாசமில்லை’ என்று ஒரு கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் முக்கியமாகக் கவனிப்பது அம்மா திரும்பி வரும் நேரத்தை. பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தை அழுதிருக்கலாம், அழாமலும் இருந்திருக்கலாம். அம்மாவைக் கண்டதும் வரவேற்கும், வேண்டுமானால் கிட்டே வரும், ஆறுதல் அடையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விளையாடப் போகும். ஊசலாடும் வகைக் குழந்தை தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் உதைக்கும், சமாதானமே ஆகாது. விலகும் வகையோ அம்மாவைக் காணாதது போல பொம்மையிலேயே இருக்கும். நெருங்கி வருவது, ஒட்டியே இருப்பது, விலகுவது, எதிர்ப்பது என்ற நான்கையும் தனித்தனியாக 7 புள்ளி அளவில் மதிப்பிட்டுத்தான் வகையை முடிவு செய்கிறார்கள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை அது. நான் வாசற்படியில் நின்று அரை நிமிடத்தில் செய்துவிட்டேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. யார் போனாலும் வந்தாலும் கண்டுகொள்ளாத குழந்தையை ‘சமத்து, யாரையும் தொந்தரவு பண்ணாது’ என்று மெச்சுகிறோம். அந்தச் சோதனையில் அலட்டிக்கொள்ளாமல் விளையாடிய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, பிரிவின்போது அவர்களுக்கும் துடிப்பு ஏறியிருந்தது. முகத்தில்தான் காட்டவில்லை.

என் தவறு இன்னும் ஒரு படி மோசம். மூன்று நிமிடப் பிரிவுக்கான அளவுகோலை ஆறு நாள் பிரிவுக்கு வைத்தேன். நீண்ட பிரிவு வேறு விஷயம். மருத்துவமனையிலும் விடுதியிலும் நாள்கணக்கில் விடப்பட்ட சிறு குழந்தைகளை பவுல்பியும் அவருடன் வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் கவனித்தார்கள். முதலில் எதிர்ப்பு, அப்புறம் சோர்வு, கடைசியில் ஒட்டாத தன்மை என்று போகிறது. அந்தக் கட்டத்தில் உள்ள குழந்தை, அம்மா திரும்பி வந்ததும் அந்நியரைப் பார்ப்பதுபோல் முகம் திருப்பலாம். அதற்கு மறதி என்று பொருள் இல்லை. பலமான பிணைப்பு இருந்த குழந்தையும் அப்படிச் செய்யும். எங்கள் பையன் அவர்களைப் போல முன்பின் தெரியாதவர்களிடம் விடப்பட்டவன்கூட இல்லை. ஆயாவின் இடுப்பில் இருந்தான்.

இது இன்னொரு தவறைக் காட்டுகிறது. ‘இவன் விலகும் வகை, அவள் பாதுகாப்பான வகை’ என்று குழந்தையின் மேல் முத்திரை குத்துகிறோம். வகை குழந்தைக்கு உரியதில்லை, உறவுக்கு உரியது. ஒரே குழந்தை அம்மாவோடு ஒரு வகையாகவும் அப்பாவோடு வேறு வகையாகவும் இருக்கலாம். ஒரு குழந்தைக்கு ஒருவரோடுதான் பிணைப்பு வரும் என்பதும் சரியல்ல. 1964இல் வெளிவந்த ஆய்வில் ஷாஃபரும் எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 18 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் அப்பா, பாட்டி, தாத்தா, அக்கா அண்ணன் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு ஒட்டியிருந்தன. ஆயாவிடம் ஒட்டுவதால் அம்மாவின் பங்கு குறைந்துவிடும் என்று என் தங்கை பயந்தாள். இது அப்படிப் பங்கு பிரிக்கிற சொத்து இல்லை.

ஒரு நாட்டின் முடிவை அப்படியே இன்னொரு ஊருக்குத் தூக்கிவருவதும் ஆபத்து. ஜப்பானின் சப்போரோவில் 60 குழந்தைகளைச் சோதித்தபோது விலகும் வகை ஒன்றுகூட இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊசலாடும் வகை. அங்கே குழந்தையை அம்மா தனியே விடுவதே அபூர்வம் என்பதால், அறையில் தனியாக விட்ட நிமிடமே அதற்குத் தாங்க முடியாததாகிவிட்டது. ஜெர்மனியின் பீலஃபெல்டில் நேர்மாறு, ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் விலகும் வகை. 1988இல் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 2000 குழந்தைகள். மொத்தத்தில் பாதுகாப்பான வகையே அதிகம். ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு, நாடுகளுக்கு இடையே இருந்ததைவிட சுமார் 1.5 மடங்கு. தூளியிலும் இடுப்பிலும் பத்துப் பேர் கையிலும் வளரும் நம் குழந்தையை மூடிய அறையில் தனியே விட்டுப் பார்த்து முடிவு சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் பின்னால் சேர்த்த நான்காவது வகை, ஒழுங்கு குலைந்த பிணைப்பு. கிட்டே வந்து நடுவழியில் உறைந்து நிற்பது போன்ற முரண்பட்ட நடத்தை அது. இதைப் பார்த்ததும் வீட்டில் யாரோ கொடுமைப்படுத்துகிறார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. 2017இல் இந்தத் துறையின் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து இதையே எழுதினார்கள்.

‘ஒரு வயதில் விழுந்த முத்திரை சாகும்வரை மாறாது’ என்பதும் பொய். அமெரிக்காவில் ஒரு வயதில் சோதித்தவர்களில் 50 பேரை 20 வருடம் கழித்து நேர்காணல் செய்தபோது, பாதுகாப்பானதா இல்லையா என்ற அளவில் 72 சதவீதம் பேர் அதே நிலையில் இருந்தார்கள். மற்றவர்கள் மாறியிருந்தார்கள். பெற்றோர் இறப்பு, விவாகரத்து, கடும் நோய் போன்றவற்றைச் சந்தித்தவர்களிடம் மாற்றம் கூடுதல். எல்லாவற்றையும் தாயின் தலையில் போடுவதும் நியாயமில்லை. தாய் குழந்தையின் குறிப்பறிந்து நடப்பதற்கும் பாதுகாப்பான பிணைப்புக்கும் உள்ள தொடர்பு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 0.24 அளவில்தான் இருந்தது (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). தொடர்பு உண்டு, ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் முறை ஒன்றும் இருக்கிறது. கவனிப்பவர் சில மணி நேரம் கூடவே இருந்து, பார்த்ததை வைத்து 90 அட்டைகளை அடுக்குவார். நம் ஊர் வாசலுக்கு அது கொஞ்சம் பொருந்தும் என்று தோன்றுகிறது. என்னிடம் அட்டைகள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். பையன் கொட்டையைப் பொறுக்கத் தவழ்ந்து போவான், திரும்பி ஆயா இருக்கிறாளா என்று பார்ப்பான், மறுபடி போவான். மத்தியானம் படியில் முட்டிக்கொண்டான். ஆயா இரண்டடி தூரத்தில் இருந்தாள். அவன் அழுதுகொண்டே அவளைத் தாண்டித் தவழ்ந்து போய் என் தங்கையின் புடவையைப் பிடித்தான்.