நோம்பிக்கு வந்த சொந்தங்களைக் கட்டிப்போட ஒரு ஹூடினி வித்தை

கைவிலங்கு, பூட்டிய பெட்டி, தண்ணீர்த் தொட்டி என்று எதில் அடைத்தாலும் வெளியே வந்தவர் ஹாரி ஹூடினி. 1874இல் புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். மனநோயாளிகளைக் கட்டிவைக்கும் நீளக்கைச் சட்டையிலிருந்து ஆரம்பத்தில் திரைக்குப் பின்னால்தான் விடுபட்டார். உள்ளே ஆள் வைத்திருக்கிறார் என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். திரையை எடுத்துவிட்டுக் கண்ணெதிரே உருண்டு புரண்டு வந்த பிறகுதான் கைதட்டல் எகிறியது.

அதனால் நமக்கும் திரை வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, பூட்டு பக்கமெல்லாம் போகவே வேண்டாம், நாடா போதும்.

படி 1: பருத்தி நாடா இரண்டு, ஆளுக்கு ஒன்றரை மீட்டர். ஈரோட்டு ஜவுளிக் கடைகளில் கிடைக்கும். நைலான் கயிறு மணிக்கட்டை அறுக்கும், தொடாதீர்கள்.

படி 2: மாரியம்மன் நோம்பிக்கு வந்திருக்கும் மாமாவையும் அத்தையையும் எதிரெதிரே நிறுத்துங்கள். மாமாவின் இரு மணிக்கட்டிலும் ஒரு நாடாவின் நுனிகளைக் கட்டுங்கள். அத்தையின் நாடாவை ஒரு கையில் கட்டி, மாமாவின் நாடாவுக்குள் நுழைத்து, அப்புறம் மறு கையில் கட்டுங்கள். முடிச்சு இறுகலாம்; ஆனால் வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடம் வேண்டும். வித்தையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. "ஏனுங்க மாமா, கட்டு சரியா இருக்குங்களா?" என்று அவரையே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 3: முடிச்சை அவிழ்க்காமல் பிரியச் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். குனிவார்கள், தாண்டுவார்கள், சுற்றுவார்கள். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள், கூட்டம் சிரிப்பதே இங்கேதான்.

படி 4: இனி விடை. அத்தையின் நாடாவை நடுவில் மடித்துப் பிடியுங்கள். மாமாவின் உள்மணிக்கட்டில், முழங்கைப் பக்கமிருந்து விரல் பக்கமாக, அந்த மடிப்பை வளையத்துக்கு அடியில் நுழையுங்கள். வெளியே வந்த மடிப்பை அகட்டி, விரல்கள் வழியே கைக்கு மேலாகப் புறங்கைக்குக் கொண்டுபோய் இழுத்தால் இருவரும் தனித்தனி. இன்னும் பின்னிக்கொண்டிருந்தால் நாடா முறுகியிருக்கும். வந்த வழியே திருப்பி, முறுக்கை எடுத்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.

மேடையில் செய்வதானால் இந்த நுழைப்பைக் கூட்டத்துக்கு முதுகு காட்டாமல், பக்கவாட்டில் நின்று பழகுங்கள்.