உழைக்கிற பையன்களும் ஏன் தேங்கிப் போகிறார்கள்? கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் வருடத் தவறுகள்

போன வாரம் காலை ஆறு மணிக்கு ஜிம் கதவைத் திறக்கப் போனால், எனக்கு முன்னாலேயே ஒரு பையன் உள்ளே இருந்தான். ஷூட்டிங் மெஷினை ஓடவிட்டு, வலது மூலையில் ஒரே இடத்தில் நின்று, பந்து வர வரப் போட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சில் ஒரு நோட்டு. நூறு ஷாட்டில் எத்தனை கூடைக்குள் போனது என்று, நூற்றுக்கு 74, நூற்றுக்கு 78, நூற்றுக்கு 81 எனத் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தான். இன்னும் இரண்டு மாதத்தில் டிவிஷன் ஒன் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) கல்லூரி ஒன்றுக்கு ஸ்காலர்ஷிப்பில் போகப் போகிறவன். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினெட்டு வயதில் என்னிடமும் இதே மாதிரி ஒரு நோட்டு இருந்தது.

நான் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஆடியவன். இப்போது ஒவ்வொரு கோடையிலும், முதலாமாண்டு சேரப்போகிற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பள்ளியில் ஊரே கொண்டாடிய பையன் இரண்டு வருடத்தில் பெஞ்சின் கடைசியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கண்டதைத் தின்பது, வகுப்பைத் தவறவிட்டு ஆடும் தகுதியை இழப்பது, எடைப் பயிற்சிக்கு மட்டம் போடுவது, இதையெல்லாம் எல்லாக் கோச்சும் சொல்லிவிடுவார்கள். நான் எழுதுவது ஒழுங்காக உழைக்கிற நல்ல பையன்கள் செய்கிற தவறுகளைப் பற்றி.

பள்ளி ஆட்டத்தையே எதிர்பார்த்துப் போவது

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஐந்து பேர் ஆடுவதால் ஓர் அணிக்கு மொத்தம் 200 நிமிடம். அதில் மூன்று சீனியர்கள் ஆளுக்கு 32 நிமிடம் எடுத்துக்கொண்டால் 96 போய்விடும். மிச்சம் 104 நிமிடத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேருமே அவரவர் பள்ளியில் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தவர்கள்.

கோடும் தள்ளிப் போய்விடுகிறது. பள்ளியில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2019-20 சீசனிலிருந்து 22 அடி 1¾ அங்குலம். ஏறக்குறைய இரண்டரை அடி வித்தியாசம். ஷாட் க்ளாக், அதாவது பந்து கையில் வந்த அணி ஷாட் எடுத்தாக வேண்டிய நேரம், 30 நொடி. பல மாநிலங்களில் ஷாட் க்ளாக்கே இல்லாமல் பள்ளி ஆட்டம் ஆடி வந்த பையனுக்கு அந்தக் கடைசி ஏழு நொடி புது உலகம். பந்து எப்போதும் தன் கையில் இருந்து பழகியவன், பந்து இல்லாத 25 நொடியில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். அப்படி நிற்பதைத்தான் கோச் முதலில் பார்க்கிறார்.

காலி கோர்ட்டில் ஷாட் எண்ணுவது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இந்த ஒரு தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முதலாமாண்டு சேருவதற்கு முந்தைய கோடையில் தினமும் காலை 500 ஷாட் போட்டேன். மெஷின் பந்தைத் துப்பும், நான் பிடித்துப் போடுவேன். ஒவ்வொரு முறையும் பந்து என் மார்புக்கு நேராக, ஒரே வேகத்தில் வரும். கால் ஏற்கெனவே தரையில் ஊன்றியிருக்கும். முன்னால் யாரும் கிடையாது. ஆகஸ்ட் முடியும்போது நூற்றுக்கு 80-க்கு மேல் உள்ளே போனது. நான் தயாராகிவிட்டேன் என்று மனதார நம்பினேன்.

டிசம்பரில் உதவிக் கோச் என்னை வீடியோ அறைக்குக் கூப்பிட்டார். அதுவரை நான் எடுத்திருந்த மூன்று புள்ளி ஷாட் 19. எல்லாவற்றையும் வரிசையாக வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பந்து என் கைக்கு வரும் கணத்தில் நிறுத்திக் காட்டினார். கால் ஊன்றி, மார்புக்கு நேராகப் பந்து வந்து, எதிரில் ஆள் இல்லாமல் எடுத்த ஷாட் மூன்று. அதில் இரண்டு உள்ளே போயிருந்தது. மீதி 16-லும் ஏதோ ஒன்று இருந்தது. பந்து முழங்காலுக்கு வந்தது, அல்லது நான் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தேன், அல்லது என்னைவிட ஒரு சாண் உயரமானவன் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். அந்தப் பதினாறில் மூன்றுதான் உள்ளே போனது.

"இந்தப் பதினாறை நீ எங்கே பழகினாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு கோடை முழுக்க நான் பழகியது அந்த மூன்றை மட்டும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம், இது சோம்பேறிகள் செய்யும் தவறே இல்லை என்பதுதான். சோம்பேறி ஆறு மணிக்கு எழுந்து வரமாட்டான். அதிகம் உழைக்கிறவனுடைய மிக நல்ல நேரத்தைத்தான் இந்தப் பழக்கம் தின்கிறது. பார்ப்பவர்களுக்கு உழைப்பாகத் தெரிவதால் யாரும் திருத்துவதும் இல்லை. அப்பா பெருமையோடு வீடியோ எடுக்கிறார். நோட்டில் எண் ஏறுகிறது. ஏறுகிற எண்ணைப் பார்த்தபிறகு, வேறு மாதிரி செய்து அதைக் குறைத்துக்கொள்ள எந்தப் பையனுக்கு மனசு வரும்?

உடல் ஒரு வேலையை எப்படிக் கற்கிறது என்று ஆராய்ந்தவர்கள் இதை வெகுகாலம் முன்பே கண்டுவிட்டார்கள். 1979-ல் ஷே, மோர்கன் என்ற இருவர் கையசைவுப் பயிற்சி ஒன்றை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்து முடித்துவிட்டு அடுத்த அசைவுக்குப் போனது. இன்னொரு குழு அசைவுகளை மாற்றி மாற்றிக் கலந்து செய்தது. பயிற்சி நேரத்தில் முதல் குழுதான் நன்றாகச் செய்தது. சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். பயிற்சியின்போது சுலபமாக வருவதும், பிற்பாடு கையில் நிற்பதும் வேறு வேறு. கோர்ட்டில் இதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அதனால் மெஷினை நிறுத்திவிட்டு மூன்று பேரை வைத்துத்தான் ஷாட் பழக்குகிறேன். ஒருவன் பந்து கொடுக்கிறான், வேண்டுமென்றே சில நேரம் முழங்காலுக்கும் சில நேரம் இடது தோளுக்கும். இன்னொருவன் காவலுக்கு ஓடிவருகிறான். அவன் முழு வேகத்தில் பாய்ந்து வருவானா, பாதியில் நின்றுவிடுவானா என்பது ஷூட்டருக்குத் தெரியாது. பந்தைப் பிடிக்கும் கணத்தில் அவன் பாதத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நின்றுவிட்டானா, ஷாட். பாய்ந்து வருகிறானா, பந்தை ஒரே ஒரு முறை தரையில் தட்டி அவனைக் கடந்துவிடு. உள்ளிருந்து உதவிக்கு இன்னொருவன் வந்தால் பாஸ். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து இரண்டு ஷாட் கிடையாது. ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்காகத் தடையில்லாமல் போடக் கிடைக்கும் ஷாட்) அப்படித்தான். ஓடி மூச்சிரைக்கும்போது இரண்டே இரண்டு போட்டுவிட்டு மறுபடி ஓட வேண்டும். ஆட்டத்தில் யாரும் வரிசையாக ஐம்பது ஃப்ரீ த்ரோ கொடுக்கப் போவதில்லை.

முதல் வாரம் எல்லாருக்குமே எண் சரிந்துவிடும். நோட்டு வைத்திருந்த பையனுக்கு 81 இருந்த இடத்தில் 38 வந்தது. "என் ஷாட் கெட்டுப்போச்சு கோச்" என்றான். குரல் உடைந்திருந்தது. கெட்டுப்போகவில்லை, உன் ஷாட் உண்மையில் எங்கே இருக்கிறதென்று இப்போதுதான் பார்க்கிறாய் என்று சொன்னேன். கேட்க அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஜூன் மாதத்தில் கேட்டுக்கொள்வது மேல். டிசம்பரில் வீடியோ அறையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அதற்குள் ஆட்டத்துக்கு எனக்குக் கிடைத்த 12 நிமிடம் 4 நிமிடமாகியிருந்தது. அந்த வருடம் அது திரும்பி வரவே இல்லை.

தனியாகப் போடும் ஷாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை அமைப்பைச் சரிசெய்கிறவன் காலி கோர்ட்டில் கூடைக்குப் பக்கத்தில் நின்று அமைதியாகப் போட்டுத்தான் ஆக வேண்டும். அது பழுது பார்க்கும் வேலை. அதையே ஆட்டத்துக்கான பயிற்சி என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் தவறு.

சீசன் தொடங்கியபின் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது

நேரம் இருக்காது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ விதிப்படி சீசனில் அணிப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான், ஒரு நாள் கட்டாய ஓய்வு. ஓர் ஆட்டம் எத்தனை நேரம் நீண்டாலும் மூன்று மணி நேரமாகக் கணக்கு. வாரம் இரண்டு ஆட்டம் என்றால் மிச்சம் 14. அதில் பெரும்பகுதி அடுத்து வரும் எதிரணியை எப்படித் தடுப்பது என்பதற்கே போய்விடும். உன் இடது கையை வளர்க்க நவம்பரில் எந்தக் கோச்சாலும் நேரம் ஒதுக்க முடியாது.

பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பது

தாக்கும்போது செய்யும் தவறுக்குக் கோச்சுகள் ஓரளவு பொறுமை காட்டுவார்கள். தடுப்பாட்டத்தில் அதே தவறை இரண்டாம் முறை செய்தால் மாற்று ஆள் எழுந்துவிடுவான். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது நீ காக்கும் ஆளையும் பந்தையும் ஒரே பார்வையில் வைத்திருக்க வேண்டும். அதற்கேற்ப நிற்கும் கோணம் வேண்டும், இரண்டு மூன்று எட்டு உள்ளே தள்ளி நிற்க வேண்டும். பள்ளியில் உயரத்தாலும் வேகத்தாலும் சமாளித்தவனுக்கு இதைப் பழக அவசியமே வந்திருக்காது. பின்னால் ஒருவன் வெட்டி ஓடிப்போய் சுலபமாகப் போட்டுவிடுவான், இவன் இன்னும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வாயைத் திறந்து பேசாததும் இதில் சேர்த்தி. ஸ்க்ரீன் (வழியை மறித்து நிற்கும் எதிரணி ஆள்) வருகிறதென்று பின்னாலிருந்து கத்தவில்லை என்றால் முன்னால் இருப்பவன் அதில் போய் முட்டிக்கொள்வான். கூச்சப்படுகிற பையன்களை முதல் நாளிலிருந்தே கத்த வைக்கிறேன்.

சீசன் நடுவில் ஷாட்டை மாற்றுவது

கூடாது.

மாற்றுவதென்றால் கோடையில் மாற்று, ஒரே ஒருவர் சொல்லைக் கேட்டு மாற்று. என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) நட்சத்திரம் ஸ்டீஃபன் கறி உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது இடுப்பிலிருந்து எறிந்துகொண்டிருந்த ஷாட்டை ஒரு கோடை முழுக்க அப்பா டெல் கறியோடு உழைத்துத் தலைக்கு மேலே கொண்டுவந்தார். வாரக்கணக்கில் தூரத்திலிருந்து போடவே முடியாமல் தவித்திருக்கிறார். எல்லாருக்கும் அவ்வளவு பெரிய மாற்றம் தேவைப்படாது. இன்னொரு என்பிஏ நட்சத்திரம் கவாய் லெனர்ட் சான் டியாகோ ஸ்டேட் கல்லூரியில் ஆடிய இரண்டு வருடத்திலும் சேர்த்து மூன்று புள்ளி ஷாட்டில் நான்கில் ஒன்றைத்தான் போட்டார். ஃப்ரீ த்ரோவில் ஏறக்குறைய நான்கில் மூன்று போனது. என்பிஏவில் ஸ்பர்ஸ் அணிக்குப் போய்ச் சிறு திருத்தம் செய்துகொண்டதும் முதல் சீசனிலேயே மூன்று புள்ளி ஷாட் 37 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பையனின் கையை எடைபோட நான் முதலில் பார்ப்பதும் ஃப்ரீ த்ரோவைத்தான். அது நன்றாக இருந்தால் கையில் பெரிய கோளாறு இல்லை. காலையும் தூரத்தையும் சரிசெய்தால் போதும்.

மூன்று மாதத்தில் பத்துக் கிலோ ஏற்றுவது

எடை ஏறும், வேகம் இறங்கும், முழங்கால் வலிக்கும். மெதுவாக ஏற்று.

தூக்கம்

எட்டு மணி நேரம். இதில் பேரம் கிடையாது.

முதல் வருடத்தை வைத்தே கல்லூரியை மாற்றுவது

2021-லிருந்து ஒரு வருடம் ஆட்டத்துக்கு வெளியே உட்காராமலேயே ஒரு முறை கல்லூரி மாறலாம் என்றானது. 2024-லிருந்து படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். வீரனுக்கு உரிமை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். கோச்சே வேலை மாறிப் போனாலோ, அணியின் ஆட்ட முறை உன் உடலுக்கு ஒத்தே வராவிட்டாலோ தாராளமாகப் போ. எட்டு மாதத்தில் நிமிடம் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் போகாதே.

ஃபிராங்க் கமின்ஸ்கி விஸ்கான்சினில் முதல் வருடம் ஆட்டத்துக்கு 1.8 புள்ளி எடுத்தார். இரண்டாம் வருடம் 4.2. அங்கேயே இருந்தார். மூன்றாம் வருடம் 13.9, நான்காம் வருடம் 18.8, 2015-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். ஓக்லஹோமாவில் பட்டி ஹீல்ட் முதல் வருடம் மூன்று புள்ளி ஷாட்டில் 24 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நான்காம் வருடம் 45-ஐத் தாண்டி, ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்தார். இடையில் இருந்த வருடங்களில் அதே கோச்சுகள் அவர்களுடைய அதே குறைகளைத் தொடர்ந்து பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். புது இடத்துக்குப் போனால் உன் குறை என்னவென்று அவர்கள் கண்டுபிடிக்கவே அரை சீசன் ஆகும்.

மூன்று பேர் சொல்லை ஒரே நேரத்தில் கேட்பது

கல்லூரிக் கோச் ஒன்று சொல்வார், கோடைப் பயிற்சியாளர் ஒன்று, அப்பா ஒன்று. நான் கோடைப் பயிற்சியாளன். பையன் கல்லூரிக்குள் கால் வைத்த நாளிலிருந்து, கோச் சொல்வதைக் கேள், என்னிடம் கேட்காதே என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

நல்ல ஷாட்டை மட்டும் வெட்டி வீடியோவாகப் பார்ப்பது

தவறவிட்டதைப் பார்.

கோச்சிடம் தவறான கேள்வி கேட்பது

"எனக்கு ஏன் நிமிடம் தரமாட்டேன் என்கிறீர்கள்?" என்று நானும் போய்க் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எந்தக் கோச்சும் மனம் திறந்து பதில் சொல்ல மாட்டார். "இன்னும் உழை" என்பார், அதோடு முடிந்தது. இப்போது என் பையன்களுக்கு வேறொரு கேள்வியைச் சொல்லி அனுப்புகிறேன்: "அடுத்த ஆட்டத்தில் நான் யாரைக் காக்க முடியும் என்று நம்பினால் என்னை இறக்குவீர்கள்?" அப்போது கோச் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். எதிரணியின் ஆறாவது ஆள் (முதலில் இறங்கும் மாற்று ஆள்), இடது கைக்காரன், வலது பக்கம் போகவே மாட்டான் என்று ஏதாவது சொல்வார். அன்றைக்கு ராத்திரியே அந்த ஆளின் வீடியோவைப் பார்க்கலாம். மறுநாள் பயிற்சியில் இடது கைக்கார நண்பன் ஒருவனைக் கூப்பிட்டு, எதிரில் நின்று பழகலாம்.