பொலன்னறுவைக்கு ஒரு நாள்: குரங்குகளின் ஊரில் பை பறிபோகாமல் சுற்றிவருவது எப்படி?

இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவைக்கு முதல் தடவை போனபோது, வாடகைச் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு சொப்பிங் பேக்கைத் தொங்கவிட்டிருந்தேன். உள்ளே நாலு பணிஸ், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பக்கெட் கச்சான். அரண்மனை வாசலில் சைக்கிளை நிறுத்தி, பூட்டைத் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள் பை மரத்தில் இருந்தது. கீழே நின்று நான் பார்க்க, மேலே ஒரு குரங்கு வாழைப்பழத்தை என்னைவிட நேர்த்தியாக உரித்துத் தின்றது. அன்று பகல் முழுக்கப் பட்டினி.

அதற்குப் பிறகு பல தடவை போயிருக்கிறேன். முதன்முதலாகப் போகிறவர்களுக்காக, நான் இப்போது போகும் முறையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

1. எங்கிருந்து புறப்படுகிறீர்கள் என்று பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து என்றால் ஒரு நாள் தாராளம். ரயில் வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வழியாக வரும். பஸ்ஸும் உண்டு. திருகோணமலை, தம்புள்ளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஹபரணை வழியாக வந்துவிடலாம். கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப ஆசைப்படாதீர்கள். 200 கிலோமீற்றருக்கும் மேல், பாதி நாள் வீதியிலேயே போய்விடும். முதல் நாளே வந்து ஹபரணையிலோ பொலன்னறுவையிலோ தங்குங்கள்.

புதிதாக வருகிறவர்கள் குழம்புகிற ஒரு விஷயம்: ரயில் நிலையமும் பெரிய பஸ் நிலையமும் பழைய நகரில் இல்லை, சில கிலோமீற்றர் கிழக்கே கதுருவெலவில் இருக்கின்றன. பஸ் பழைய நகர் வழியாகப் போனால் நூதனசாலைக்குப் பக்கத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ரயிலில் வந்தால் ஓட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இந்தப் பக்கம் மழை. மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, வெயில் கொளுத்தும். இரண்டில் நான் வெயிலைத்தான் எடுப்பேன். ஆனால் காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். போயா எனும் பௌர்ணமி நாட்களில் யாத்திரைக் கூட்டம் நெரியும். கூட்டத்தோடு சாப்பாட்டுப் பார்சல்களும் வரும், பார்சல்களைத் தேடிக் குரங்குகளும் வரும்.

3. பையைக் கட்டுங்கள், முக்கால்வாசியை வெளியே எடுங்கள்

உண்மையில் இந்தப் பயணத்தின் பாதித் திட்டம் இதுதான். கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு சோடி தடித்த காலுறை, தோளும் முழங்காலும் மூடும் உடுப்பு, அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, ஒரு சிறிய சோப்பு. சோப்பு எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

காலுறையை மறக்காதீர்கள். விகாரைகளிலும் சிலைகளின் முன்பும் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல்தரை தோசைக்கல் போல இருக்கும். காலுறை போட்டு நடப்பதை யாரும் தடுப்பதில்லை.

கொண்டுபோகக் கூடாதது சாப்பாடு. பழம், பிஸ்கட், கச்சான், எதுவும் வேண்டாம். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் வெளியே வந்து சாப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கான சாப்பாட்டை இறுக்கமான டப்பாவில் வைத்து, பையின் அடியில் துணிக்குள் சுற்றுங்கள். சரசரக்கும் பொலித்தீன் எதுவுமே வேண்டாம். அந்தச் சத்தம் குரங்குக்குச் சாப்பாட்டு மணி. சிப் உள்ள பையாக எடுங்கள். சிப்பின் இரண்டு நுனிகளையும் சேர்த்து ஓர் ஊசி குத்திவிடுங்கள். சும்மா இழுத்து மூடிய சிப்பைத் திறக்க அவற்றுக்குத் தெரியும். தண்ணீர்ப் போத்தலைப் பையின் பக்கவாட்டு வலையில் செருகாமல் உள்ளே வையுங்கள். தலையில் ஏற்றிவைத்த கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

4. சீட்டு வாங்கி, சைக்கிள் எடுங்கள்

வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் கட்டணம் வேறு. கட்டணம் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் கரையில் உள்ள நூதனசாலையில் சீட்டு வாங்கலாம். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், உள்ளே மறுபடி கேட்பார்கள். இடிபாடுகள் தெற்கிலிருந்து வடக்காகச் சில கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்திருக்கின்றன. நடந்தால் வெயில் தின்றுவிடும். சைக்கிள்தான் சரி, ஆனால் முன்னால் கூடை இருந்தால் அதில் எதையும் வைக்காதீர்கள். என் பணிஸ் கதை நினைவிருக்கட்டும்.

5. யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே முக்கியமாக இரண்டு கூட்டங்களைப் பார்ப்பீர்கள். செம்பழுப்பு உடம்பும், தலை உச்சியில் வட்டமாக வாரிவிட்ட தொப்பி போன்ற மயிரும் உள்ளது சிங்களத்தில் 'ரிலவா'. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. சாம்பல் உடம்பு, கறுத்த முகம், நீண்ட வால் என்று இருப்பது மந்தி, சிங்களத்தில் 'வந்துரா'. மந்தி பெரும்பாலும் இலை தின்று, மரத்தில் வாலைத் தொங்கவிட்டபடி தன்பாட்டில் இருக்கும். உங்கள் பையைக் குறிவைப்பது முதலாவதுதான்.

பொலன்னறுவைக் குரங்குகள் சாதாரணப்பட்டவை அல்ல. வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968இல் இங்கே தொடங்கிய ஆய்வு பல தலைமுறைக் குரங்குகளைப் பின்தொடர்ந்திருக்கிறது. ரிலவாவுக்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு, ஓரமாகப் போய் மெல்லும். கூட்டத்தில் மேலே உள்ளது, கீழே உள்ளதன் வாயைத் திறந்து, அந்தப் பைக்குள் இருப்பதையே எடுத்துத் தின்பதும் உண்டு. இதை அறிந்த பிறகு, 'பாவம், ஒரு பிஸ்கட்தானே' என்று நீட்டுகிற பழக்கத்தை விட்டேன். நாம் போடுவது அந்தப் பாவப்பட்ட குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை, ஒரு சண்டைதான் கிளம்பும். மனிதக் கையில் சாப்பாடு உண்டு என்று பழகிய குரங்கு, அடுத்து வருகிற பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கும்.

பக்கத்தில் வந்தால் இப்படிச் செய்யுங்கள்: கண்ணோடு கண் பார்க்காதீர்கள். வாயை ஆவென்று திறந்து முறைத்து, புருவத்தை ஏற்றி இறக்கினால் அது எச்சரிக்கை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வெறுங்கையைக் காட்டிவிட்டு, மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். ஓட வேண்டாம், கல் எறிய வேண்டாம். குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகாதீர்கள். எதையாவது பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள். தொப்பிக்காகக் கடி வாங்கக் கூடாது.

கடித்தாலோ பிறாண்டினாலோ, அந்தச் சோப்பை எடுங்கள். ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள். சின்னக் கீறல்தானே என்று விடாமல் அன்றைக்கே பொலன்னறுவைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், விசர்நாய்க்கடி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

6. சுற்றும் வரிசை

முதலில் பராக்கிரமபாகு மன்னனின் அரண்மனை. தடித்த செங்கல் சுவர்கள் மட்டும் மிச்சம். இருபது நிமிடம் போதும். அப்புறம் தலதா மளுவ, புத்தரின் பல் வைக்கப்பட்டிருந்த கோயில் வளவு. இங்கே அவசரப்படாதீர்கள். வட்டதாகே என்ற வட்டக் கட்டடத்தின் வாசலில், படியடியில் அரைவட்டமாகச் செதுக்கிப் பதித்த சந்திரவட்டக்கல்லைக் குனிந்து பாருங்கள். அனுராதபுரக் கற்களில் யானை, குதிரை, சிங்கத்தோடு எருதும் வரும். இங்கே எருது இல்லை. சைவர்களுக்கு நந்தி காலில் மிதிபடக் கூடாது என்பதால் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். அதே வளவில் அட்டதாகே என்ற பழைய கட்டடத்தின் பக்கத்தில் வேளைக்காரர் கல்வெட்டைத் தேடுங்கள். புத்தரின் தந்ததாதுவை, அதாவது அந்தப் பல்லைக் காப்பதாகத் தமிழ்ப் படையினர் தமிழிலேயே பொறித்துக் கொடுத்த உறுதி அது.

அடுத்து, வழிகாட்டிகள் பலர் வண்டியை நிறுத்தாமல் தாண்டிப்போகிற இடம்: இரண்டாம் சிவ தேவாலயம். இராசராசன் காலத்துப் படையெடுப்புக்குப் பிறகு சோழர் இந்த நகரை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தும்வரை ஆட்சி இங்கிருந்துதான். இராசேந்திரனின் தாய் வானவன் மாதேவியின் பெயரால் எழுந்த ஈஸ்வரம் இது. சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் சரிந்து கிடக்க, இந்தச் சின்னக் கற்கோயில் விமானத்தோடு நிற்கிறது. சுவரில் தமிழ் எழுத்தைக் கையால் தடவாமல் கண்ணால் படியுங்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு சொல் பிடிபட்டாலும் அந்த நாள் வசூல்தான். உள்ளே லிங்கத்தின் முன் சில நாட்களில் பூவும் விளக்கும் இருக்கும். பூவைத் தின்னக் குரங்கும் இருக்கும்.

பிறகு வடக்கே மிதியுங்கள். ரன்கொத் விகாரையைக் கடந்துபோய், லங்காதிலக என்ற விகாரையில் இரண்டு உயரச் சுவர்களுக்கு நடுவே தலையில்லாமல் நிற்கும் பெரிய புத்தரின் முன் சற்று நேரம் நில்லுங்கள். பதினொரு மணிக்குள் கல் விகாரைக்குப் போய்விட வேண்டும். ஒரே பாறையில் குடைந்த நான்கு சிலைகள். நிற்பது ஏறக்குறைய 7 மீற்றர், படுத்திருப்பது 14 மீற்றர். படுத்திருக்கும் புத்தரின் தலையணையில், தலை பட்ட இடம் அமுங்கியிருப்பதுபோலச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. கல்லில்! அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது கூடாது. காவலர் உடனே சொல்வார்.

7. வெளியே வந்து சாப்பிடுங்கள், இருட்டுமுன் புறப்படுங்கள்

மத்தியான வெயிலில் ஒரு மணிபோல வெளியே வந்து, சோறு சாப்பிட்டு, நூதனசாலைக்குள் போங்கள். கட்டடங்கள் முழுதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதற்கான மாதிரிகள் அங்கே உண்டு. காலையில் பார்த்த செங்கல் மேடுகள் அதற்குப் பிறகுதான் புரியும். நாலரைக்கு மேல் பராக்கிரம சமுத்திர அணைக்கட்டின் மேல் காற்று நன்றாக இருக்கும்.

ஆனால் சைக்கிளை ஐந்தரைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் இந்தப் பக்க வீதிகளில் காட்டு யானை இறங்கும். ஹபரணை வீதியில் இரவில் மோட்டார் சைக்கிளில் போகவே வேண்டாம். ரயிலுக்கு நேரமிருந்தால் கதுருவெலவில் பிளேன்டீயும் நாலு பணிஸும் வாங்குங்கள். அங்கே பையைத் திறந்துவைத்துச் சாப்பிடலாம்.